மலையில் பெண் தலைமைத் திட்டம் நடத்தப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களுக்குப் புதிதாகப் பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள். சமூகப்பணி படித்தவர்கள், நல்ல பிள்ளைகள், இந்த மலைக்கு எந்த மழைக்கோட்டு வாங்க வேண்டும் என்று தெரியாது, மற்றபடி ஆர்வத்துக்குக் குறைவில்லை. கையில் பாலின சமத்துவம், பெண் தலைமை என்று ஒரு ப்ராஜெக்ட் இருக்கும், பணம் ஏதோ ஒரு வெளிநாட்டிலிருந்து வரும். அப்புறம் பார்த்தால், எங்கள் தலைமுறை இதே ரோட்டில் செய்துவிட்டுப் போன கோளாறுகளை ஒன்று விடாமல் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள்.

பெண் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள், கழிப்பறை இருக்கும் இடமாகப் பாருங்கள் என்பதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கும், அதை நான் சொல்லப் போவதில்லை.

பெண்களின் நேரத்தை ஓசியில் எடுத்துக்கொள்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். விடியும் முன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, காலையில் மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, பெயர் கொடுக்க ஓட வேண்டும். நாள் கூலிக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்குத் தனிக் காசு. மழை விட்டு வெயில் முகம் காட்டினால் கொழுந்து பொங்கும், அந்தச் சில வாரத்தில் வரும் கூடுதல் கிலோக் காசில்தான் பள்ளிக்கூட ஷூ, சீட்டுப் பணம், நகைக்கடன் வட்டி எல்லாம் அடைபடும். சரியாக அந்த வாரம் பார்த்து நம் ஆட்கள் குன்னூரில் ஹால் பிடித்து மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சி என்று பேனர் கட்டுவார்கள். ஏன் அந்த வாரம் என்று கேட்டால், காலாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்கு அனுப்ப வேண்டுமாம்.

அப்படி ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்த நாளில் நான் வேறு வேலையாக அந்தப் பெண்கள் குடியிருக்கும் லைனுக்கு, எஸ்டேட்டின் வரிசை வீடுகளுக்கு, போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தது. "ஸ்கூல் லீவா பாப்பா?" என்றேன். "இல்லக்கா, அம்மா மீட்டிங் போயிருக்காங்க" என்றாள். அன்றைய அறிக்கையில் எத்தனை பெண்கள் கலந்துகொண்டார்கள் என்று எழுதியிருப்பார்கள். எத்தனை பெண் பிள்ளைகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

அந்தப் பயிற்சியின் செலவுப் பட்டியலைப் பிறகு பார்த்தேன். ஹால் வாடகை, பேனர், சாப்பாடு, கோவையிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு மதிப்பூதியம், அவருக்குக் கார், போட்டோகிராஃபர். வந்த பெண்களுக்குப் பஸ் காசு. அவர்கள் இழந்த கூலியைக் கொடுக்கலாமே என்றதற்கு மேலாளர் சொன்ன பதில், "காசு கொடுத்தால் ஆர்வம் இல்லாதவர்களும் வந்துவிடுவார்கள் மேடம்." இதைச் சொன்னவர் மாதம் முதல் தேதி சம்பளம் வரவில்லை என்றால் இரண்டாம் தேதி அக்கவுண்டண்டைக் கூப்பிடுகிறவர். பயிற்சிக்கு வந்த ஒரு அக்கா அவரிடமே நேராகக் கேட்டாராம்: "இன்னிக்கு நீங்க இங்க வந்ததுக்கு உங்களுக்குச் சம்பளம் பிடிப்பாங்களா சார்?"

இதெல்லாம் தெரியாத விஷயமும் கிடையாது. பெண்களுக்கு மூன்று வேலை, சம்பாதிப்பது ஒன்று, வீட்டைப் பார்ப்பது ஒன்று, ஊர்க் காரியம் ஒன்று என்று வளர்ச்சித் துறை ஆய்வாளர் கரோலின் மோசர் 1980களின் கடைசியிலேயே எழுதி, அது வளர்ச்சித் துறையின் பாடமாகவே ஆகிவிட்டது. நம் தலைமைப் பயிற்சி செய்வதெல்லாம் முதல் இரண்டில் ஒரு துளியும் குறைக்காமல் மூன்றாவதைக் கூட்டுவது. நம் நாட்டில் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் கைவைக்கும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவழிப்பது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ஐப் பார்த்துப் பரவாயில்லையே என்று நினைக்க வேண்டாம், வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், அவர்களுடைய சராசரி அது.

சரி, என்ன செய்யலாம்? ப்ரொபோசல் எழுதும்போதே பங்கேற்பாளர் கூலி இழப்பு என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். முதலிலேயே கணக்கோடு காட்டினால் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, நடுவில் போய்க் கேட்டால்தான் இழுப்பார்கள். மூன்று நாளை ஒரே கட்டாக வைக்காமல் இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரித்து லைனுக்கே போய் நடத்துங்கள். ஞாயிறு சும்மாதானே இருப்பார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், துணி, சந்தை, சர்ச், கோயில் எல்லாம் அன்றைக்குத்தான், வார நாளை விட ஞாயிறு நெருக்கடி அதிகம். எந்த நேரம் என்று அவர்களையே கேளுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைச் சம்பளத்துக்குப் போடுங்கள். 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று தேயிலைத் தோட்டத்துக்கே 1951-ல் சட்டம் போட்டாயிற்று, சமத்துவம் பேச வந்த நமக்கு அது தோன்றவில்லை என்றால் என்ன சொல்வது? அப்புறம், மாலை ஐந்துக்குள் முடியுங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் சமவெளிக்கு 2021-லும் நீலகிரிக்கு 2024-லும் வந்துவிட்டது, ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி லைனுக்கு நடக்கும் தூரம் அப்படியேதான் இருக்கிறது, கோத்தகிரிப் பக்கம் அந்த நேரத்தில் கரடியும் காட்டெருமையும் அதே பாதையில்தான் நடக்கும். ஆறு மணிக்கு நிறைவுரை, நன்றியுரை என்று இழுத்தடித்துவிட்டு நீங்கள் ஜீப்பில் ஏறிப் போய்விடுவீர்கள்.

ஒரே அக்காவை எல்லாவற்றுக்கும் பிடிப்பது

எந்த ஊருக்குப் போனாலும் நன்றாகப் பேசும் ஒரு அக்கா இருப்பார். மகளிர் குழுவுக்கு ஊக்குநர் அவர், பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர், வன உரிமைக் குழுவில் அவர், நீங்கள் ஆரம்பிக்கும் புதுக் கமிட்டிக்கும் அவர். இந்த மாநிலத்தில் 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் ஆரம்பித்தன, அப்போதிருந்து வந்துபோன ஒவ்வொரு திட்டமும் அவரைப் போன்ற அக்காவைத்தான் தேடுகிறது. உங்களுக்கு வசதி, போட்டோவுக்கும் பேட்டிக்கும் தயாராக இருப்பார். மற்ற பெண்கள் நோட்டில் கையெழுத்துப் போட மட்டும் வருவார்கள். கொஞ்ச நாளில் ஊரில், "அவளுக்குத்தான் எல்லாம் கிடைக்குது" என்று பேச்சு ஆரம்பிக்கும், அந்தப் பேச்சைச் சமாளிப்பது அவருக்கு ஐந்தாவது வேலை.

பொறுப்பைச் சுழற்சியில் வையுங்கள். திக்கித் திணறிப் பேசுகிற பெண்ணுக்கும் கூட்டம் நடத்த ஒரு முறை கொடுங்கள், கூட்டம் அரை மணி நேரம் கூடுதலாக ஓடும், ஓடட்டும்.

நாற்காலி கொடுத்துவிட்டுக் கையெழுத்தைக் கொடுக்காமல் விடுவது

பஞ்சாயத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாட்டில் 2016-ல் அது பாதியானது. இந்த எண்ணிக்கையைச் சொல்லியே பல அறிக்கைகள் முடிந்துவிடும். செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்பதும், தலைவர் பெண்ணாகவோ தலித்தாகவோ இருந்தால் துணைத் தலைவர் பேனாவை எடுக்காமலே மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பதும் அறிக்கையில் வராது. நீங்கள் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்றால் மேடைப் பேச்சைக் குறைத்து, கணக்குப் புத்தகம் எப்படிப் படிப்பது, தீர்மானம் எப்படி எழுதுவது, துணைத் தலைவர் முரண்டு பிடித்தால் எங்கே மனுக் கொடுப்பது என்று சொல்லிக்கொடுங்கள். பண அதிகாரம் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு சட்டோபாத்யாயும் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது: தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் குடிநீர் மாதிரி, பெண்கள் கேட்ட விஷயங்களுக்குக் கூடுதல் பணம் போயிருக்கிறது.

சிறு தேயிலைத் தோட்டத்திலும் இதே கதைதான். கொழுந்து பறிப்பது, களை எடுப்பது, மூட்டை கட்டுவது எல்லாம் அம்மா. பட்டா அப்பா பெயரில், சொசைட்டி (கூட்டுறவுச் சங்கம்) உறுப்பினர் அட்டை அப்பா பெயரில், கொழுந்துப் பணம் விழுவது அப்பா கணக்கில். அந்த அம்மாவை மேடையில் உட்காரவைத்துப் பெண் விவசாயி என்று சால்வை போர்த்தினால் யாருக்கு என்ன லாபம்? வன உரிமைச் சட்டத்தில், 2006-லேயே, கல்யாணமானவர்களுக்கு உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும் கூட்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் ஊரில் கொடுத்த பத்திரங்களை எடுத்து, அதில் பெண்ணின் பெயர் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மதியம் போதும், அதைச் செய்த ப்ராஜெக்ட்டை விரல் விட்டு எண்ணலாம்.

பழங்குடிப் பெண்கள் என்று ஒரே கட்டாகக் கட்டுவது

தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று இந்த மாவட்டத்திலேயே ஆறு சமூகங்கள். பேசும் மொழி வேறு, நிலம் இருப்பது இல்லாதது வேறு, கோயிலில் பெண்களுக்கு உள்ள இடம் வேறு. கூடலூரில் ஒரு பணியப் பெண்ணையும் ஊட்டிப் பக்கம் ஒரு தோடப் பெண்ணையும் ஒரே அறையில் உட்காரவைத்து எழுத்துத் தமிழில் ஸ்லைடு காட்டினால் இரண்டு பேருமே தலையாட்டிவிட்டுப் போவார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பங்களின் பெண்கள், படுகர் வீட்டுப் பெண்கள் கதையெல்லாம் இன்னும் வேறு.

ஆண்களைக் கூப்பிடாமல் விடுவது

கூப்பிடுங்கள். தலைமை தாங்க அல்ல, வீட்டில் சமைக்கச் சொல்ல.

மார்ச் 8

கோலப்போட்டி வேண்டாம்.

ப்ரொபோசலில் 1 வாங்குவதற்காக ஒரு வரி சேர்ப்பது

உதவி கொடுக்கும் நாடுகள், பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி என்ற அமைப்பின் முறைப்படி, ஒவ்வொரு திட்டத்துக்கும் பாலின சமத்துவத்துக்கு 0, 1, 2 என்று குறி போடுகின்றன. 2 என்றால் சமத்துவமே முதன்மை நோக்கம், 1 என்றால் முக்கியமான நோக்கங்களில் ஒன்று. சோலை மரம் நடும் திட்டத்தில் பயனாளிகளில் பாதிப் பேர் பெண்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு 1 கேட்பது நம் ஊர் வழக்கம். 1-க்கே முதலில் பாலினப் பகுப்பாய்வு செய்திருக்க வேண்டும், அதை வைத்துத் திட்டம் போட்டிருக்க வேண்டும், ஆண் பெண் தனித்தனியாகத் தகவல் எடுக்க வேண்டும். நாற்றங்காலில் வளைந்து நின்று தொட்டியில் மண் நிரப்பும் பெண்களை எண்ணிவிட்டு சமத்துவம் என்று எழுதினால், பொய் சொன்னது மாதிரிதான்.

பேசவைத்துவிட்டு ஊரை விட்டுக் கிளம்புவது

மூன்று வருட ப்ராஜெக்ட்டில் ஒரு பெண் எழுந்து நின்று டாஸ்மாக் பற்றியோ தோட்டத்தில் வேலை வாங்கும் மேஸ்திரி பற்றியோ பேசியிருப்பார். நான்காம் வருடம் நீங்கள் இருக்க மாட்டீர்கள், மேஸ்திரி இருப்பார், வீட்டில் அடிக்கிறவரும் இருப்பார். பேசவைப்பதற்கு முன்னாலேயே, அடி விழுந்தால், வேலை போனால் யாரிடம் போவது என்று ஊரோடு உட்கார்ந்து எழுதுங்கள். வேலை செய்யும் இடத்துத் தொல்லைக்கு 2013 சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு, பத்துப் பேர் இருந்தால் அங்கேயே உள்ளகப் புகார்க் குழு (உங்கள் அலுவலகத்துக்கும் சேர்த்துத்தான், பெண் தலைமை பேசும் அலுவலகத்திலேயே அது ஃபைலில் மட்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்). வீட்டு வன்முறைக்கு 2005 சட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் ஊட்டியில் சமூகநல அலுவலகத்தில் இருப்பார். அவசரத்துக்கு 181.

181 என்று போஸ்டர் ஒட்டும்போது, லைனுக்குள் செல்போன் எடுக்காத பள்ளமாக இருந்தால், எந்தத் திருப்பத்தில் போய் நின்றால் சிக்னல் கிடைக்கும், பக்கத்தில் யார் வீட்டில் போன் வாங்கிப் பேசலாம் என்பதையும் அதே போஸ்டரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.