மீட்டரை எந்த முனையில் வைக்கிறீர்கள்? ராஸ்பெர்ரி பை போர்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மதுரை திருநகரில் இருக்கிற என் பட்டறைக்குப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். கடைசி வருட புராஜெக்ட். கையில் ராஸ்பெர்ரி பை 4, உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு. எஸ்.டி. கார்டுதான் அதற்கு ஹார்டு டிஸ்க். "அண்ணே, நல்ல எஸ்.டி. கார்டா ஒண்ணு சொல்லுங்க. இது மூணாவது கார்டு, இதுவும் போச்சு" என்றார்கள். கார்டை நான் வாங்கிப் பார்க்கவே இல்லை, கேபிளைக் காட்டச் சொன்னேன். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கியதாம். இரண்டு மீட்டர் நீளம், நூடுல்ஸ் மாதிரி துவண்டு கிடந்தது. "சார்ஜர் 33 வாட்டுண்ணே, கரண்ட்ல பிரச்சினையே இல்ல" என்று ஒருவன் முந்திக்கொண்டான்.

இதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில், இதே நம்பிக்கையோடு சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கார்டைச் சரியாகச் செருகாதது, பாஸ்வேர்டை மறந்தது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் இரண்டாம் தடவை செய்வதில்லை.

சார்ஜர் மேல் எழுதியிருக்கும் வாட்டை நம்புவது

33 வாட் சார்ஜர் அந்த 33 வாட்டைக் கொடுப்பது செல்போனோடு பேசி, வோல்டேஜை 9, 11 என்று ஏற்றிய பிறகுதான். நம் போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட். சார்ஜரின் பின்பக்கம் பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். நமக்கு அந்த ஒரு வரிதான் கணக்கு. பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர் அடாப்டர் சொல்கிறார்கள். பை 5-க்கு 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர், '27 வாட்' என்ற பெயரில் விற்கும் அடாப்டர். சாதாரண 3 ஆம்பியர் அடாப்டரிலும் பை 5 ஓடும். ஆனால் யு.எஸ்.பி. போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. அது தெரியாமல் எஸ்.எஸ்.டி.யை மாட்டிவிட்டு, "டிஸ்க் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

அடாப்டர் முனையில் அளந்துவிட்டு "கரண்ட் சரி" என்பது

இந்தத் தவறை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

உசிலம்பட்டி பக்கம் ஒரு கோழிப் பண்ணை. குஞ்சு விடும் ஷெட்டில் முதல் வாரம் சூடு 32, 33 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் செல்போனுக்கு எச்சரிக்கை போக வேண்டும். பை 3 பி பிளஸ் போர்டு ஒன்று, வெப்ப சென்சார்கள், இருட்டில் பார்க்க அகச்சிவப்பு விளக்கு வைத்த கேமரா, இன்டர்நெட்டுக்கு ஒரு 4ஜி டாங்கிள். ஸ்விட்ச் போர்டு ஷெட்டின் ஓரத்தில் இருந்தது, பை நடுவில் தொங்க வேண்டும். நான் 3 மீட்டர் யு.எஸ்.பி. கேபிளை இழுத்துக் கட்டிவிட்டு, வேலை முடிந்ததென்று பஸ் ஏறினேன்.

இரண்டாம் நாளே போன். ராத்திரியில் டாங்கிள் காணாமல் போகிறது, சில சமயம் போர்டே ரீஸ்டார்ட் ஆகிறது. மதுரையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போய்ப் பார்த்தால் பகலில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அடாப்டரில் மல்டிமீட்டரை வைத்தேன், 5.1 வோல்ட். "பவர் பக்காவா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கார்டை மாற்றினேன். அடுத்த தடவை இன்னொரு கார்டு. அதற்கடுத்த தடவை புதிதாக இன்ஸ்டால் செய்தேன். பிறகு புரோகிராமையே திருப்பி எழுதினேன். நாலு கார்டு, ஆறு தடவை பஸ்.

அதற்குள் ஒரு ராத்திரி, குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பல்பு லைன் ட்ரிப் ஆகிவிட்டது. போர்டு செத்துக் கிடந்ததால் எச்சரிக்கை போகவில்லை. குளிரில் குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்துவிட்டன. காலையில் பண்ணைக்காரர் ஒரு கூடையில் அள்ளி வைத்திருந்தார். திட்டவில்லை. "பகல்ல வாறீக, பகல்லயே பாத்துட்டுப் போயிர்றீக. ஒரு ராத்திரி இருந்து பாருங்க தம்பி" என்றார்.

இருந்தேன். இருட்டியதும் கேமரா விளக்குகள் எரிந்தன. அங்கே சிக்னல் சுமார். சிக்னல் குறையக் குறைய டாங்கிள் அதிகக் கரண்ட் இழுக்கும். இந்தத் தடவை மீட்டரை அடாப்டரில் வைக்காமல் போர்டின் 5 வோல்ட் பின்னில் வைத்தேன். 4.4.

கணக்கு எளிது. 3 மீட்டர் கேபிள் என்றால் கரண்ட் போக 3, திரும்பி வர 3, ஆக 6 மீட்டர் கம்பி. 24 கேஜ் கம்பியில் அது சுமார் அரை ஓம். பகலில் போர்டு 0.6 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 0.3 வோல்ட் போகும். மிச்சம் 4.8, போர்டு சமாளித்துவிடும். ராத்திரி 1.4 ஆம்பியர் என்றால் 0.7 போய்விடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே பை 'வோல்டேஜ் குறைவு' என்று பதிவு செய்துவிடும். மலிவான கேபிள்களில் இன்னும் மெல்லிய 28 கேஜ் கம்பியும் இருக்கும். அதில் இழப்பு இதைப்போல இரண்டரை மடங்கு.

அடாப்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் தவறான இடத்தில் கேட்டேன். கிணற்றடியில் வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காக, ஓட்டை வாளியை வீடு வரை தூக்கிவந்த கதை.

தீர்வு பெரிதாக ஒன்றுமில்லை. அடாப்டரை போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தடித்த, ஒரு மீட்டருக்குள் அடங்கும் கேபிள் போடுங்கள். 230 வோல்ட் லைனை எலெக்ட்ரீஷியன் இழுத்துத் தரட்டும். அது முடியாத இடத்தில் 12 வோல்ட்டாகக் கொண்டுபோய், போர்டுக்கு அருகில் பக் கன்வர்ட்டர் வைத்து 5.1-க்கு இறக்குங்கள். பையை மாட்டுவதற்கு முன்பே கன்வர்ட்டரில் உள்ள திருகாணியைத் திருப்பி வோல்டேஜைச் சரிசெய்துவிடுங்கள். மாட்டிய பிறகு திருகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பை 3 சாட்சியாக என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இன்னொன்று. சடாரென்று ஒரு கணம் விழுந்து எழும் வோல்டேஜ் மீட்டர் கண்ணுக்குத் தெரியாது, அதை போர்டிடமே கேட்க வேண்டும். விசிஜென்கமாண்ட் கட்டளையில் கெட் த்ராட்டில்ட் (vcgencmd get_throttled) என்று கேட்டால் ஒரு எண் வரும். பூஜ்யம் மட்டும் வந்தால் நல்லது. 50000 என்று முடிந்தால், பூட் ஆன பிறகு எப்போதோ வோல்டேஜ் குறைந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமே குறைவாக இருக்கிறது. அந்த மூன்று பிள்ளைகளின் போர்டு என் கண்முன்னே 50005 சொன்னது. சார்ஜரை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றி, ரீபூட் செய்து, அரை மணி நேரம் ஓடவிட்டோம். பூஜ்யம்.

மஞ்சள் மின்னல் படத்தை மறைப்பது

வோல்டேஜ் குறையும்போது திரையில் வரும் எச்சரிக்கை அது. எங்கிருந்தோ காப்பியடித்த ஒரு வரியை கான்ஃபிக் ஃபைலில் போட்டு எச்சரிக்கையை அணைத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள்.

மோட்டாரை போர்டின் 5 வோல்ட்டில் ஓட்டுவது

சர்வோ மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கிற கரண்ட்டுக்கு போர்டே மயங்கி விழும். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுங்கள், இரண்டின் கிரவுண்டையும், அதாவது மைனஸ் வயரையும், சேர்த்துக் கட்டுங்கள். கிரவுண்டைச் சேர்க்க மறந்துவிட்டு "சிக்னலே போகலண்ணே" என்று வருபவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாப் பழியையும் எஸ்.டி. கார்டின் மேல் போடுவது

டூப்ளிகேட் கார்டுகள் உண்டுதான். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற புரோகிராமைப் போட்டுச் சோதித்துவிடலாம். ஆனால் நல்ல கார்டும் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கெடும். நம் ஊரில் மாதாமாதம் ஈ.பி. ஷட்டவுன் இருக்கிறது, பம்புசெட் கிளம்பும்போது லைட் மங்குகிறது. சும்மா படித்துக் காட்டுகிற வேலைதான் என்றால் ராஸ்பி கான்ஃபிக் (raspi-config) என்ற செட்டிங் மெனுவில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டுவிடுங்கள். கார்டில் எதுவும் எழுதப்படாது, எப்போது பிடுங்கினாலும் கவலையில்லை.

சித்திரை வெயில்

தகரப் பெட்டிக்குள் பூட்டி மொட்டை மாடியில் வைத்தால், சிப்பின் சூடு 80 டிகிரி தொட்டதும் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை, தற்காப்பு. பெட்டிக்குத் துளை போடுங்கள், நிழலில் வையுங்கள்.

போர்டில் மீட்டர் வைக்கும்போது

போர்டு முனையில் அளக்கச் சொன்னேன் அல்லவா, அதைக் கேட்டு அவசரமாக 5 வோல்ட் வரும் 2-ஆம் பின்னில் குத்தாதீர்கள். பக்கத்திலேயே 1-ஆம் பின், 3.3 வோல்ட். முனை வழுக்கி இரண்டும் தொட்டுக்கொண்டால் போர்டு அங்கேயே முடிந்தது. 4-ஆம் பின்னிலும் (5 வோல்ட்) 6-ஆம் பின்னிலும் (கிரவுண்ட்) ஆளுக்கொரு ஜம்பர் வயரை மாட்டி, தள்ளி வைத்து அளங்கள். அந்த உசிலம்பட்டி ராத்திரியில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் குத்தியது 2-ஆம் பின்னில்தான். வழுக்கவில்லை, அவ்வளவுதான்.