முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? எதை யாரிடம் கேட்பது

"செகண்ட் கிளாஸ் இல்லாட்டி எடுக்க மாட்டாங்க தம்பி." ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு அண்ணன் சொன்னதை நம்பி ஒரு வருடம் நான் விண்ணப்பிக்கவே இல்லை. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது வேறொரு பாடநெறிக்கான நிபந்தனை, அதுவும் பழையது.

1. ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதுங்கள். "எனக்குக் கிடைக்குமா?" என்று எழுதாதீர்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "மூன்று வருடப் பொதுப் பட்டம் போதுமா?" என்றால் பதில் உண்டு.

2. இந்த வருட விண்ணப்ப அறிவித்தலையும் கையேட்டையும் எடுத்து வாசியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே விஞ்ஞானம், விவசாயம், மானிடப் பண்பியல் என்று தனித்தனிப் பட்டப்பின் படிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்றின் விதி மற்றதற்குப் பொருந்தாது. அப்புறம் எஸ்.எல்.கியூ.எப். மட்டத்தை, அதாவது இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அந்தப் பட்டத்துக்குரிய எண்ணைப் பாருங்கள். 9 என்றால் 30 கிரெடிட், பெரும்பாலும் பாடங்கள்தான். 10 என்றால் 60, அதில் ஆய்வும் சேரும். ஊரில் இரண்டையும் 'மாஸ்டர்ஸ்' என்றே சொல்வார்கள். பின்னால் கலாநிதிப் பட்டம் வரை போக நினைப்பவர் இதைக் கவனிக்காமல் பணம் கட்டக் கூடாது.

3. ஆளைப் பார்த்துக் கேளுங்கள். கட்டணம், முடிவுத் திகதி எல்லாம் அலுவலகத்துக்கு. உங்கள் பட்டம் பொருந்துமா என்பது பாடநெறி இணைப்பாளருக்கு. சனி, ஞாயிறு வகுப்பு முடிந்து கம்பளை, நாவலப்பிட்டி வழியாக வீடு வந்து சேர பஸ் கிடைக்குமா என்பதைப் படித்து முடித்த அக்காமாரிடம் கேளுங்கள். அதை எந்தக் கையேடும் சொல்லாது.

4. மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால் கேள்வி தெளியும். இப்படி:

"நான் 2021இல் புவியியலை ஒரு பாடமாகக் கொண்டு பொதுப் பட்டம் பெற்றேன். பெறுபேறுகளை இணைத்துள்ளேன். கையேட்டின் 4ஆம் பக்கத்தில் 'தொடர்புடைய துறை' என்று உள்ளது. புவியியல் அதில் அடங்குமா? தகுதிகாண் பரீட்சை எழுத வேண்டுமா?"

இரண்டே கேள்வி. பத்துக் கேள்வி அனுப்பினால் சுலபமானதற்கு மட்டும்தான் பதில் வரும்.

5. ஒரு வாரமாகியும் பதில் இல்லையா? சரி, போன் பண்ணுங்கள். பேசியவரின் பெயர், பதவி, திகதியைக் கொப்பியில் குறியுங்கள். அன்றைக்கே, "இன்று தொலைபேசியில் நீங்கள் கூறியபடி, தகுதிகாண் பரீட்சை தேவையில்லை என்று விளங்கிக்கொண்டேன். தவறென்றால் அறியத் தரவும்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.