விதைப்பூண்டு பரணிலேயே இருக்கட்டும்: நேரடிப் பணத்தை மலைக் குடும்பம் வாங்கிப் பயன்படுத்தும் முறை

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் அறுவடை முடிந்ததும் திரட்சியான பூண்டாகப் பார்த்துப் பொறுக்கி, தாளோடு பிடி பிடியாகக் கட்டி, புகை படும்படி பரணில் தொங்கவிடுவார்கள். அடுத்த நடவுக்கு அதுதான் விதை. நடுவில் பிள்ளையின் படிப்புச் செலவு வரும், காய்ச்சல் வரும், மளிகைக் கடைப் பற்று கழுத்தை நெரிக்கும். பரணிலிருந்து பத்து கிலோ இறங்கும், பிறகு இன்னொரு பத்து. நடவு நேரத்தில் விதை பற்றாது. மண்டியில் முன்பணம் வாங்கி, ஏறிய விலைக்கு விதை எடுக்க வேண்டும். முன்பணம் கொடுத்த கடைக்கே சரக்கும் போகும். விலை கேட்கிற வாய் அங்கேயே அடைபட்டுவிடும்.

அரசு நேரடியாகக் கணக்கில் போடும் சிறு தொகையால் ஒரு குடும்பத்தின் கடன் முழுவதும் தீராது. ஆனால் பரணில் தொங்கும் விதையைக் காப்பாற்ற அது போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழி.

வரக்கூடிய பணம் எவ்வளவு என்று முதலில் எழுதிப் பாருங்கள். விவசாயிகளுக்கென்று மத்திய அரசு 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் வருகிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். இரண்டும் கிடைக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 18,000. பிஎம் கிசான் நிலம் சொந்தமாக உள்ளவர்களுக்கு மட்டும்தான். குத்தகைக்காரர்களுக்குக் கிடையாது. மலையில் எத்தனையோ பேர் குத்தகைக் காட்டில்தான் உழைக்கிறார்கள். அவர்களை இந்தத் திட்டம் விட்டுவிட்டது பெரிய குறை. அந்த வீடுகளுக்கு மகளிர் தொகைதான் பிடிமானம்.

பிஎம் கிசான் நின்று போனவர்கள் பலருக்கும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். இ-சேவை மையத்தில் உங்கள் பதிவு எண்ணைக் கொடுத்து நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலப் பதிவு, இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது), ஆதார்-வங்கி இணைப்பு என்று மூன்று வரிகள் திரையில் தெரியும். மூன்றுக்கும் 'ஆம்' இருக்க வேண்டும். எதற்கு 'இல்லை' என்று இருக்கிறதோ அதை மட்டும் சரிசெய்தால் போதும். புதிதாக விண்ணப்பம் போடாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு ஆகி, சிக்கல் பெரிதாகும்.

நிலப் பதிவு 'இல்லை' என்றால் பெரும்பாலும் பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடக்கிறது என்று பொருள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்துப் பட்டா மாறுதலுக்கு மனுப் போடுங்கள். அண்ணன் தம்பி சேர்ந்த கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் வந்துவிட்டாலே பிஎம் கிசானுக்குப் போதும். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டா, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மனு திரும்பி வந்து நிற்கும்.

இ-கேஒய்சியில் மலைக்காரர்களுக்குத் தனித் தொல்லை இருக்கிறது. மண் கிளறி, உருளை தோண்டி, பூண்டு அறுத்துத் தேய்ந்த விரலைக் கைரேகைக் கருவி படிக்காது. வெதுவெதுப்பான நீரில் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, கட்டை விரலுக்குப் பதில் மோதிர விரலை வைத்துப் பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். 2023 முதல் அந்த வசதி இருக்கிறது. ஓடிபி வழியாகவும் செய்யலாம், ஆனால் சிக்னல் இல்லாத வீட்டில் உட்கார்ந்து செய்யாதீர்கள். மேட்டுக்கு ஏறிப் போவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். ஆதாரில் பதிந்த எண் உள்ள போனையே எடுத்துக்கொண்டு, சிக்னல் நிற்கும் இடத்துக்கு முதலிலேயே போய்விடுங்கள்.

'பணம் வந்துவிட்டது என்கிறார்கள், என் கணக்கில் இல்லையே' என்ற புலம்பலுக்குக் காரணம் வேறு. ஆதார் வழியாக அனுப்பும் பணம் நீங்கள் பாரத்தில் எழுதிய கணக்குக்குப் போவதில்லை. நேரடிப் பணத்துக்கென்று கடைசியாக எந்தக் கணக்கை ஆதாருடன் இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். எப்போதோ முகாமில் தொடங்கி மறந்துபோன கணக்கிலோ, குழுக் கடனுக்காகத் திறந்த கணக்கிலோ பணம் சேர்ந்துகொண்டிருக்கும். போனில் *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கு குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படை சேமிப்புக் கணக்காக இருக்க வேண்டும். சாதாரணக் கணக்காக இருந்தால் சில வங்கிகளில் அபராதம் என்று பிடித்துக்கொள்வார்கள். கிளைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். மே கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் குறைந்திருந்தால் பதற வேண்டாம். அவை பிரதமர் ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு இரண்டின் ஆண்டு பிரீமியம். எடுத்திருப்பதை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள், தெரிந்தால்தானே கேட்க முடியும்.

பணம் எடுக்கவென்று கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். 1,000 ரூபாய் எடுக்க இவ்வளவு செலவு கட்டாது. அஞ்சல்காரரிடம் கருவி இருந்தால் கைரேகை வைத்து வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: 'ஆகவில்லை, இன்னொரு தடவை விரல் வையுங்கள்' என்று யார் சொன்னாலும், முதல் தடவைக்கான சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகே வையுங்கள். இரண்டு முறை பணம் எடுத்துவிட்டு ஒரு முறைக்கு மட்டும் கொடுக்கும் ஏமாற்று நடக்கிறது. வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் பெயரில் வரும் செயலிக் கோப்பைத் தொடவே தொடாதீர்கள்.

இனிப் பிரிப்பது. மகளிர் தொகை வீட்டுக்கு, கிசான் தவணை காட்டுக்கு. இரண்டும் இரண்டு பேர் கணக்கில் வருவதே நல்லது, சேர்க்க வேண்டாம். 1,000 ரூபாயில் 700-க்கு எண்ணெய், பருப்பு, சோப்பு எல்லாம் ரொக்கமாக வாங்குங்கள். பற்று வைத்து வாங்குகிறவர் விலை பேச முடியாது. மீதி 300 கணக்கிலேயே கிடக்கட்டும். பத்து மாதத்தில் 3,000 சேரும். காய்ச்சல் வந்தால் கை வைக்க வேண்டியது இதில்தான், பரணில் அல்ல.

வீட்டுப் பணத்தை குடித்தே அழிப்பார்கள் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2011-இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு மத்தியப் பிரதேசத்தின் 8 கிராமங்களில் பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100 என்று கொடுக்கத் தொடங்கி, பிறகு 300, 150 என்று உயர்த்திப் பார்த்தது. குடி கூடவில்லை. ஆடு மாடு கூடியது, சிறு விவசாயிகள் கூலிக்குப் போவதைக் குறைத்துச் சொந்த நிலத்தில் அதிகம் உழைத்தார்கள்.

விதைக் கணக்கு இது: சென்ட்டுக்கு 2 முதல் 2.5 கிலோ. 25 சென்ட் நட 50 முதல் 62.5 கிலோ வேண்டும். காய்ந்து குறைவதும் சொத்தையும் போக 75 கிலோ தொங்கவிடுங்கள். தாளை அறுக்காதீர்கள், பல் உடைப்பதை நடவுக்கு முந்தைய நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி உடைத்தால் பல் வற்றிப்போகும். விதை வீட்டிலேயே இருந்தால் 2,000 ரூபாய்த் தவணை உழவுக் கூலிக்கோ எருவுக்கோ போகும். ஆனால் தவணை இன்ன தேதியில் வரும் என்று உறுதி கிடையாது. அதை நம்பி யாருக்கும் நாள் குறித்துக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே முன்பணம் இருந்தால் அதன் வட்டியை எழுதிப் பாருங்கள். 10,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 5 வட்டி என்றால் நான்கு மாதத்தில் 2,000. அதாவது ஒரு தவணை முழுவதும் வட்டிக்கே போகிறது. மறுபடி முன்பணம் வாங்காமல் இருக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே இல்லை. சிட்டா, அடங்கல், ஆதார் நகலோடு நடவுக்கு நன்கு முன்பே மனுக் கொடுங்கள். நடவு நாளில் போய் நின்றால் மறுபடி மண்டிதான். கெடு தாண்டினால் சலுகை போய்விடும், ஆகவே கெடு தேதியை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் தகும்.

முன்பணம் இல்லாத வருடத்தில் சரக்கை ஒரே நடையில் இறக்காதீர்கள். தேனி மாவட்டத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு முதலில் இரண்டு மூட்டை அனுப்பி, சீட்டில் எடை, கிலோ விலை, கமிஷன், இறக்குக் கூலி நான்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டைப் பாஸ்புக்குக்குள் மடித்து வையுங்கள். அடுத்த வண்டி ஏற்றும் முன் இன்னொரு கடைக்குப் போன் போட்டு, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே விலை கேளுங்கள்.