பேசுவதற்காக பிடிடி பொத்தானை அழுத்தினால் ஹாம் ரேடியோ செட் அணைகிறதா?

ரிசீவ் நன்றாக இருக்கிறதே என்று மூடியைக் கழற்றிவிடாதீர்கள். 100 வாட் எச்எஃப் (சிற்றலை) செட் டிரான்ஸ்மிட்டில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும்; ரிசீவில் ஒன்றிரண்டுதான். தளர்ந்த ஃபியூஸ் ஹோல்டர் அந்த 20 ஆம்பியரில்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (சிக்னலை வெளியே விடாமல் வெப்பமாக்கும் மின்தடை) மாட்டுங்கள். மல்டிமீட்டரை செட்டின் பவர் சாக்கெட்டிலேயே வைத்து (சப்ளை முனையில் அல்ல) சில விநாடி அழுத்துங்கள். 13.8 வோல்ட், 11.7-க்குக் கீழே இறங்கினால் சப்ளை, வயர், ஹோல்டர் மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. சுடும் ஹோல்டரை மாற்றுங்கள். ஃபியூஸை மட்டும் பெரிதாக்குவது வீண் வம்பு.

டம்மி லோடில் அணையவில்லையா? கோளாறு மாடியில், ஆன்டெனா பக்கம். வேலூர் வெயிலில் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) உறை வெடிக்கும், ஐப்பசி மழை உள்ளே இறங்கும். கனெக்டரைக் கழற்றுங்கள், பின்னல் கம்பி கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, புதிதாகப் பற்றவைத்து, ரப்பர் டேப் சுற்றுங்கள்.