வியர்வைக்குத் தாங்குமா? விலை குறைந்த மேக்கப்பைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் புறங்கையில் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரலால் தேய்த்து, "பாத்தீங்களா அக்கா, கொஞ்சம்கூடக் கலையல" என்பார் அந்தப் பெண். கலையாதுதான். அதே காஜலை வாங்கி வந்து மறுநாள் காலை ஜும்பா வகுப்புக்குப் போட்டுப் போனால், மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கியிருக்கும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. சோதித்த விதம் தப்பு.

வியர்வையைத் தண்ணீர் மாதிரி நினைத்துவிடுகிறோம். தண்ணீர் மேலே விழுந்து வழிந்து ஓடிவிடும். வியர்வை மேக்கப்புக்கு அடியிலிருந்து ஊறி வந்து, அதைத் தோலிலிருந்து தூக்கிவிடும். அதோடு முகத்தில் சுரக்கும் எண்ணெயும் கலக்கும். வாட்டர்புரூஃப் காஜலில் இருப்பது பெரும்பாலும் மெழுகு, எண்ணெய், சிலிக்கோன் வகையறா. தண்ணீர் அதனிடம் தோற்கும், எண்ணெய் அதைக் கரைத்துவிடும். புறங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. நெற்றியிலும் மூக்கிலும் ஏராளம். அதனால்தான் கையில் நிற்பது முகத்தில் நிற்பதில்லை. அடுத்த முறை கையில் கோடு போட்ட பிறகு, அதன்மேல் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள். அரை நிமிடத்தில் பதில் கிடைக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஓடப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வியர்வையோடு அந்த எண்ணெயும் நெற்றி வழியாக இறங்கி நேரே புருவத்துக்கும் கண்ணுக்கும்தான் வரும்.

சரி, எப்படித்தான் சோதிப்பது? நான் நம்புவது ஒரு வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை. அதை நாலாக மடித்துக்கொள்வேன். வழக்கமான உடற்பயிற்சியின்போது பத்தாவது நிமிடம், இருபதாவது, முப்பதாவது, நாற்பதாவது என்று ஒவ்வொரு மடிப்பாகத் திருப்பி, கண்ணுக்குக் கீழே மெல்ல ஒற்றி எடுப்பேன். தேய்ப்பதில்லை, ஒற்றுவது மட்டும்தான். வீட்டுக்கு வந்து விரித்தால் கதை முழுவதும் அதில் இருக்கும். ஒரு காஜல் முதல் இரண்டு மடிப்பில் சுத்தமாக இருந்து, மூன்றாவதில் சாம்பல் நிறமாகத் தெரிந்து, நாலாவதில் கோடாகவே பதிந்திருந்தது. அரை மணி நேர நடைக்கு அது போதும், ஒரு மணி நேர வகுப்புக்கு ஆகாது. கண்ணாடியைப் பார்த்து 'பரவாயில்லை' என்று தோன்றுவதைவிட இந்தக் கறை நேர்மையான சாட்சி.

இங்கே பலரும் சறுக்குவது, புதிதாக வாங்கிய எல்லாவற்றையும் ஒரே நாளில் பூசிப் பார்ப்பதில்தான். பிரைமர், ஃபவுண்டேஷன், காஜல், மஸ்காரா, செட்டிங் ஸ்ப்ரே எல்லாம் சேர்ந்து வழிந்தால் குற்றவாளி யார் என்று எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும். இடது கண்ணுக்குப் புதியது, வலது கண்ணுக்கு ஏற்கெனவே பழகியது. அதற்கும் முன்னால், காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. லேசான எரிச்சலைக்கூட அது பெரிதாக்கிவிடும்.

சோதிக்கும் இடமும் கணக்கில் வரும். ஏசி ஜிம்மில் தேறிய ஃபவுண்டேஷன் மெரினாவில் ஓடும்போது தேறும் என்று சொல்ல முடியாது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாமல் முகத்திலேயே நின்று வழியும். அதே மே மாதம் மதுரையின் வறண்ட வெயிலில் கொஞ்சம் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆக, மதுரைத் தோழி 'சூப்பரா நிக்குது' என்று சொன்னதை வைத்துச் சென்னைக்காரர் வாங்கினால் ஏமாற்றம்தான்.

வழியாமல் இருக்கட்டும் என்று பவுடரை அடுக்குவது இன்னொன்று. நனைந்த பவுடர் திட்டுத்திட்டாகச் சேர்ந்து மூக்கோரத்தில் கோடு கோடாக நிற்கும். மெல்லிய ஒரு பூச்சு, அது நன்றாகக் காய இரண்டு மூன்று நிமிடம், தேவையென்றால் மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் கொஞ்சம் பவுடர். அதற்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால், உடற்பயிற்சிக்கு முழு முக ஃபவுண்டேஷனே தேவையில்லை. கரும்புள்ளி மேல் அதை மறைக்கும் கன்சீலர் ஒரு துளி வைத்தால் போதும். அதிலும் நெற்றியில் வியர்வைத் துணிப்பட்டையோ ஹெல்மெட்டோ அழுத்தும் இடத்தில் எதையும் பூசாதீர்கள். உராய்வும் ஈரமும் சேர்ந்தாலே அங்கே பரு வரலாம்.

வெளியே ஓடுகிறவர்கள் மேக்கப்பில் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) எழுதியிருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடுகிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால், அந்த ஃபவுண்டேஷனை யாரும் பூசாத அளவுக்கு அப்பிக்கொள்ள வேண்டும். முதலில் சன்ஸ்கிரீன், அது படிய ஒரு கால் மணி நேரம், அப்புறம் மற்றவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-ல் கொண்டுவந்த விதிகளின்படி, அங்கே சன்ஸ்கிரீன் மேல் 'வாட்டர்புரூஃப்', 'ஸ்வெட்புரூஃப்' என்று அச்சிடவே கூடாது. 40 நிமிடமோ 80 நிமிடமோ நீரைத் தாங்கும் என்றுதான் போடலாம். சன்ஸ்கிரீனுக்கே இந்த நிலை என்றால், '24 மணி நேரம்' என்று மின்னும் காஜல் பெட்டியை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விலை குறைவு என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. இருநூறு ரூபாய்க்குள் நன்றாக நிற்கும் காஜல் உண்டு. ஆனால் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இவை பெட்டியில் இல்லாததைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். கண்ணுக்கு இடும் சில சுர்மாப் பொடிகளில் ஈயம் இருப்பது தெரிந்த விஷயம். முதல் முறை வாங்கும்போது கிடைக்கிற சிறிய அளவையே வாங்குங்கள்.

கலையாததை எப்படிக் கழற்றுவது என்பதையும் சோதனையில் சேர்க்க வேண்டும். ஃபேஸ்வாஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் இமை முடிதான் கையோடு வரும். எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, மூடிய கண்மேல் பத்து, பதினைந்து வினாடி வைத்திருந்து கீழ்நோக்கி இழுங்கள். இமை முடியைக் குழல்போலச் சுற்றிக்கொள்ளும் டியூபிங் மஸ்காராவாக இருந்தால் இதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல இழுத்தால் சின்னச் சின்னக் குழலாக உரிந்து வரும். எண்ணெய் வழியும் முகத்துக்காரர்கள் முதலில் முயல வேண்டியது அந்த வகையைத்தான்.