காஸ்9 வெட்டவில்லையா? ஆய்வக வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிஸ்பர் (வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் காஸ்9 என்ற என்சைம் டி.என்.ஏ.வை வெட்டும் முறை) செய்முறை வகுப்பில், டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் எதிர்பார்த்த பட்டை வராவிட்டால், "என்சைம் கெட்டுப்போய்விட்டது" என்பதே முதல் தீர்ப்பு. பெரும்பாலும் அது அபாண்டம்.

ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்களோடு (குறிப்பிட்ட எழுத்து வரிசையில் டி.என்.ஏ.வை வெட்டுபவை) பழகிய கை, காஸ்9-ஐயும் அப்படியே நடத்துகிறது. சிக்கல் அங்கேதான். அவற்றில் ஒன்றான ஈகோஆர்1 ஓரிடத்தில் வெட்டிவிட்டு அடுத்த மூலக்கூறைத் தேடிப் போய்விடும். கொஞ்சமாக இருந்தாலும் நேரம் கொடுத்தால் வேலையை முடிக்கும். காஸ்9 வெட்டிய டி.என்.ஏ.வை எளிதில் விடாது. அதனால் டி.என்.ஏ.வைப் போல் பத்து மடங்கு காஸ்9 வைப்பது வழக்கம்: 30 மைக்ரோலிட்டர் கலவையில் காஸ்9, வழிகாட்டி ஆர்.என்.ஏ. இரண்டும் தலா 30 நானோமோலார், டி.என்.ஏ. 3 நானோமோலார். 1,000 கார இணை நீளமுள்ள துண்டுக்கு இது வெறும் 60 நானோகிராம் அளவுதான். பட்டை பளிச்சென்று தெரியட்டும் என்று 500 நானோகிராம் ஊற்றினால் விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகிவிடும், வெட்டுப்படாத டி.என்.ஏ. நிறைய மிஞ்சும்.

இதே பிடிவாதம் ஜெல்லிலும் தொல்லை தரும். புரோட்டினேஸ் கே சேர்த்துக் காஸ்9-ஐச் சிதைக்காமல் ஏற்றினால், டி.என்.ஏ. புரதத்தைச் சுமந்தபடி மெதுவாக நகர்ந்து இழுவலாகத் தெரியும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். காஸ்9-உம் வழிகாட்டியும் அறை வெப்பத்தில் பத்து நிமிடம் சேர்ந்திருக்க வேண்டும், டி.என்.ஏ. கடைசியில்தான். கையுறை இல்லாமல் தொட்டால் விரலில் உள்ள ஆர்.என்.ஏஸ் (ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் என்சைம்) வழிகாட்டியைத் தின்றுவிடும். என்சைம் கிளிசராலில் இருப்பதால் குழாயின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலால் மெல்லச் சுண்டிக் கலக்குங்கள், வோர்டெக்ஸ் (அதிர்வுக் கலக்கி) வேண்டாம்.

வழிகாட்டியை மாணவர்களே வடிவமைக்கும் வகுப்புகளில் ஒரு பிழை தவறாமல் வரும். இலக்கின் 20 எழுத்துகளுக்கு அடுத்து, டி.என்.ஏ.வில் என்ஜிஜி என்ற 'பாம்' வரிசை இருக்க வேண்டும் (என் எந்த எழுத்தாகவும் இருக்கலாம்). அந்த மூன்று எழுத்தையும் வழிகாட்டிக்குள் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அது டி.என்.ஏ.வில் மட்டும் இருந்தால் போதும்.

ஜெல்லைப் படிப்பதிலும் அவசரம் கூடாது. வெட்டாத பிளாஸ்மிட்டே (வட்ட வடிவ டி.என்.ஏ.) இரண்டு பட்டைகளைக் காட்டும்: ஒன்று முறுக்கிய வடிவம், மற்றது ஓரிழை மட்டும் அறுந்த வட்டம். இதைப் பார்த்து "வெட்டிவிட்டது" என்று குதிப்பவர்கள் உண்டு. வழிகாட்டி இல்லாத குழாய் ஒன்றையும், ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமால் ஒரே இடத்தில் வெட்டி நேராக்கிய பிளாஸ்மிட்டையும் பக்கத்துக் குழிகளில் ஓட்டினால் இந்தக் குழப்பம் வராது.

எதிர்த்திசைக் குழப்பமும் நடக்கும். 1,000 இணைத் துண்டு 700, 300 என்று சரியாகவே பிரிந்திருக்கும். சிறிய துண்டைக் காணோம் என்பார்கள். ஜெல்லில் டி.என்.ஏ.வைக் காட்டும் சாயத்தின் ஒளிர்வு டி.என்.ஏ.வின் எடையைப் பொறுத்தது. 60 நானோகிராமில் 300 இணைத் துண்டின் பங்கு 18 மட்டுமே. நிராகரிக்கும் முன் இருட்டில் வைத்து இன்னொரு முறை பாருங்கள், அல்லது படமெடுக்கும்போது ஒளி பெறும் நேரத்தைக் கூட்டுங்கள்.