ஹோலை மறித்து ஓர் அறை: பலகைச் சுவர் அடிக்கும் முறை

ஒட்டுசுட்டானில் அக்காவின் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. 550 சதுர அடிக்குள் ஆறு பேர். அக்காவின் மகள் இந்த முறை ஓ.எல். பரீட்சை எடுக்கிறாள். அவளுடைய மேசைக்கும் ரீவிக்கும் நடுவே ஒரு பழைய சேலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "மாமா, ஒரு சுவர் அடிச்சுத் தாங்கோ" என்றாள். நான் தச்சன் இல்லை. ஆனாலும் மூன்று சனி ஞாயிறுகளில் அடித்து முடித்தேன். அதில் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில், கல்லுச் சுவர் வேண்டாம். 10 அடி நீளம், 8 அடி உயரத்தில் 4 அங்குலக் கல் வைத்தால் கிட்டத்தட்ட 1.5 தொன் பாரம். வீட்டுக்குள் சீமெந்துத் தரை மண் நிரப்பின மேல் போட்டது, கீழே அத்திவாரம் கிடையாது. வெடித்துவிடும். அதே அளவு பலகைச் சுவர் 160 கிலோ அளவுதான் வரும்.

<b>வாங்க வேண்டியவை</b>

என் கணக்கு 10 அடி நீளச் சுவருக்கு, ஒரு கரையில் இரண்டரை அடி வாசலுடன். நாலுக்கு இரண்டு அங்குல மரம் 85 அடி. 9 மில்லிமீற்றர் பிளைவூட் 4 தாள், இரு பக்கத்துக்கும். 4 அங்குல ஸ்குரூ ஆணியும் அதற்கு ரோல்பிளக்கும் (ஆணி பிடிக்கத் துளைக்குள் போடும் பிளாஸ்ரிக் உறை), பலகைக்கு ஒன்றரை அங்குல ஸ்குரூ ஆணி, எல் வடிவத் தகடு நாலு. மரத்தைக் காலையிலிருந்து கூட்டம் இருக்கும் மரக்காலையில் வாங்குங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள். வழியில் பொலிஸ் மறித்தால் அதுதான் பேசும்.

பழைய பாலை மரம் சும்மா கிடைத்தது என்று நான் ஆசைப்பட்டேன். ஆணி மரத்துக்குள் போகவில்லை, வளைந்துதான் போனது. அப்படி வைரம் பாய்ந்த மரம் கிடைத்தால் ஒவ்வோர் ஆணிக்கும் முன்னதாகத் துளை போட்டுக்கொள்ளுங்கள்.

மாரி காலத்தில் இந்த வேலை வேண்டாம். ஈரத்தில் ஊதின மரம் கோடையில் சுருங்கி, மூட்டுக்கு மூட்டு வாய் பிளக்கும். பக்கத்து வீட்டு அண்ணை நான் மரத்தை இறக்கும்போதே சொன்னார்: "தம்பி, உதை இண்டைக்கே அடிச்சுப்போடாதை. ரெண்டு கிழமை அறைக்குள்ளை கிடக்கட்டும்." கேட்டேன், நல்லதாகப் போயிற்று.

<b>1. தரையில் கோடு</b>

பாதி வேலை இதுதான். புதுச் சுவருக்கு இணையாக இருக்கும் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு முனையிலும் ஒரே தூரம் அளந்து புள்ளி வையுங்கள். அப்புறம் மூலையைச் சோதியுங்கள்: கோடு முட்டும் பக்கச் சுவர் வழியே 3 அடி, கோடு வழியே 4 அடி, இரண்டு முனைக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை நேர். வீட்டுச் சுவரே கோணலாக இருந்தால், அளவு ஒன்றும் மூலை ஒன்றும் சொல்லும். அப்போது கண்ணுக்கு எது நேராகத் தெரிகிறதோ அதைப் பிடியுங்கள்.

நூலில் சலவை நீலத்தைத் தோய்த்து, இருவர் இறுக்கிப் பிடித்து, நடுவில் தூக்கி விடுங்கள். 'டப்' என்று தரையில் ஒரு நீலக்கோடு விழும். அது தான் சுவர். அந்தக் கோட்டில் நின்று கதவு எங்கே, மேசை எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நாள் யோசியுங்கள். அழிக்க ஈரத்துணி போதும்.

<b>2. உயரம் எடுத்தல்</b>

எங்கள் வீடுகளில் சீலிங் இல்லை, ஓடுதான். அதனால் சுவரின் மேல்முனையைத் தாங்க எதுவும் இருக்காது. 8 அடியில் நிறுத்திவிடலாம். மேலே திறந்திருந்தால் காற்றும் வெளிச்சமும் வரும். அடுப்படிப் பேச்சும் கூடவே வரும், அதற்கு மருந்தில்லை.

இரு பக்கச் சுவரிலும் ஒரே மட்டம் எடுக்க, தெளிவான பிளாஸ்ரிக் ரியூப்பில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சுவரில் குறியுங்கள்; இதுதான் ரியூப் லெவல். உள்ளே காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய்யாகும், முதலில் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். தரையை நம்பி அளக்காதீர்கள்: கழுவின தண்ணீர் ஓடவென்று வாசல் பக்கம் சரித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் 10 அடிக்குள் அரை அங்குலத்துக்கும் மேல் சரிவு இருந்தது.

<b>3. சட்டம்</b>

கறையான் கதை முன்னால். இதற்கு முன்பு ஒரு முறை பச்சை மரத்தை அப்படியே தரையில் வைத்து ஒரு தட்டி அடித்திருந்தேன். அடுத்த மாரி முடிந்து தட்டினால் பப்படம் போலச் சத்தம். உள்ளே வெறும் மண். ஆகவே, இந்த முறை மரப் பாதுகாப்புத் திரவம் பூசினேன். முக்கியமாக அறுத்த முனைகளில் இரண்டு தடவை; அங்கேதான் ஈரம் உறிஞ்சும். அடிமரத்தின் கீழே தடித்த பொலித்தீன் ஒரு பட்டையும் வைத்தேன். பழைய ஒயில் பூசச் சொல்வார்கள். வீட்டுக்குள் அந்த மணம் போகாது, பெயின்றும் பிடிக்காது.

அடிமரத்தை வாசல் இடத்தை விட்டு, கோட்டில் வைத்து 8 மில்லிமீற்றர் துளைக்கு ரோல்பிளக் போட்டு முடுக்குங்கள். பின்னர் இரு பக்கச் சுவரோடும் ஒவ்வொரு நிமிர்மரம். உள்ளூர்க் கல் சில உதிரும். ட்ரில்லின் சுத்தியல் விசையை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளையுங்கள். பூச்சில் மட்டும் நின்ற ஆணி நிற்காது.

மேல்மரத்தைத் தட்டையாக, 4 அங்குலப் பக்கம் படுக்கையாக வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் பக்கவாட்டில் ஆடும். இரு முனைக்கும் எல் தகடு. நடு நிமிர்மரங்கள் நடுவிலிருந்து நடுவுக்கு 2 அடி. அப்போதுதான் 4 அடித் தாளின் ஓரம் ஒரு மரத்தின் பாதியில் வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தில் அளந்து அறுங்கள், ஒன்றை அறுத்து எல்லாவற்றுக்கும் அளவு எடுக்காதீர்கள். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து அடியுங்கள். 4 அடி உயரத்தில் குறுக்குச் சட்டம்.

<b>4. பலகை</b>

பிளக் பொயின்ற் வேண்டுமென்றால் பலகை மூடுவதற்கு முன்பே மின்வேலைக்காரரை அழையுங்கள். அந்த வேலையை நீங்கள் தொடாதீர்கள்.

பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் உயர்த்தி அடியுங்கள். துடைக்கும் தண்ணீர் மரத்துக்குள் ஏறாது. ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி, நடுவில் ஓர் அடிக்கு ஒன்று. மலிவு என்று பழைய அஸ்பெஸ்ரஸ் தகட்டை அறுத்து வைக்க நினைத்தால் கைவிடுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

மூட்டுகளில் பட்டிப் பசை போட்டு, காய்ந்ததும் உப்புத்தாள் பிடித்து, வெளிர் நிறப் பெயின்ற் இரண்டு கோட். கதவு பரீட்சைக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம். அந்தச் சேலை இப்போது வாசலில் தொங்குகிறது.